துவக்குக் கொல்லன் கருவிகள்

கல்முனை முதலாகப் பொத்துவில் ஈறாக உள்ள எங்கள் கரையூர்களிலே துப்பாக்கி என்று பேச்சில் சொல்வார் மிகச் சிலரே. துவக்கு என்பதே வழக்கு. பாடநூலில் துப்பாக்கி என்று படித்துவிட்டு வீதிக்கு வந்ததும் பிள்ளைகள் துவக்கு என்கின்றனர். 'துவக்கவுரை' என்று ஒருமுறை கரும்பலகையில் எழுதியபோது, பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன், "சேர், அது சுடுற உரையா?" என்று கேட்டு வகுப்பைச் சிரிப்பில் ஆழ்த்தினான். அவன் கேட்டதிலும் ஒரு நியாயம் இல்லாமற் போகவில்லை.

துப்பாக்கியும் துவக்கும் ஒரு வேரிலிருந்து வந்தவை. துருக்கிய மொழியிலிருந்து கிளைத்து, பாரசீகம் முதலிய மொழிகளிலும் உருமாறி வழங்கிய சொல் அது. தமிழில் துப்பாக்கியாகவும் ஈழத்துத் தமிழில் துவக்காகவும் நின்றது. சிங்களத்தில் துவக்குவ ஆயிற்று. பழைய சிங்களத் துவக்குக்குப் பொந்திக்குல என்றும் ஒரு பெயர் உண்டு. அரபு மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு அப்பெயர் காதில் விழுந்தவுடன் 'புந்துக்' என்ற சொல் நினைவுக்கு வரும். ஒருவகைக் கொட்டைக்கும், பின்னர் சிறு உருண்டைக்கும் வழங்கிய சொல் அது. இந்தி மொழியார் பந்தூக் என்பதும் அதுவே. கடல் கடந்து வந்த பொருளுக்குக் கடல் கடந்து வந்த பெயர் அமைந்ததில் வியப்பில்லை.

ஆனால் அப்பொருளை இங்கே ஆக்கிய கருவிகளின் பெயர்களைப் பாருங்கள். உலை, துருத்தி, குறடு, சம்மட்டி, அரம், உளி, சாணை, துறப்பணம். இவற்றுள் எதுவும் கப்பலில் வந்து இறங்கியதாகத் தோன்றவில்லை. போர்த்துக்கீசர் 1505ஆம் ஆண்டில் கொழும்புத் துறையை அடைவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இவை கொல்லன் வீட்டில் இருந்தன. வந்தவன் கையில் இருந்த துவக்கை வாங்கிப் பார்த்து, பிரித்துப் பார்த்து, அதைப்போல மற்றொன்றைச் செய்து பூட்டியவன் இந்நாட்டுக் கொல்லன். அவன் வெளியிலிருந்து பெற்றது உருவத்தை, கருவியை அன்று. துவக்கைப் பற்றி எழுதுவார் பலர். அக்கருவிகளைப் பற்றி எழுதுவார் அரியர். ஆகவேதான் இந்தக் கட்டுரை.

வீட்டிலிருந்து துவக்குப் பூட்டும் முறை இக்கட்டுரையிற் கிடைக்குமோ என்று எவரும் தேடவேண்டாம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டப்படி உத்தரவுப் பத்திரமின்றித் துவக்கை ஆக்குவதும் திருத்துவதும் வைத்திருப்பதும் இந்நாட்டிற் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, முப்பதாண்டுப் போரை 2009 வரை பார்த்த கரை இது. துவக்கின் வாய் எப்படி இருக்கும் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நான் சொல்லவந்தது அரத்தையும் திருப்புளியையும் பற்றி. துவக்குக் கொல்லனுக்கு எது வேண்டியிருந்ததோ அதுவே தையல் இயந்திரம் வைத்திருக்கும் வீட்டிற்கும், மருதமுனையில் தறி வைத்திருக்கும் வீட்டிற்கும், நீரிறைக்கும் பம்பு வைத்திருக்கும் வயற்காரருக்கும் வேண்டியிருக்கிறது.

இலங்கைத் துவக்குகள் தமக்கென ஓர் உருவம் உடையவை. பிறநாட்டுத் துவக்குகளில் சுடுபொறி வலப்பக்கம் அமைந்திருக்க, இவற்றில் இடப்பக்கம் அமைந்திருக்கும். தோளில் வைக்கும் அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து மீன்வால் போலத் தோன்றும். பித்தளையும் வெள்ளியும் தந்தமும் இழைத்துக் கொடிவேலை செய்திருப்பர். கண்டி அரசிலே கொல்லர், தச்சர் முதலிய வினைஞர்க்குக் கொட்டல்பத்த என்னும் தனித் திணைக்களமே இருந்தது. அரசனுக்கென வேலைசெய்யும் பட்டறைகள் நான்கையும் பட்டல்ஹத்தர என்பர். கண்டி அரசுக்கும் எங்கள் கரைக்கும் தொடர்பு இல்லையென்று எண்ணுதல் வேண்டா. 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் தந்து ஒரு பகுதியினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியிருத்தினான் என்று வரலாற்று நூல்கள் கூறும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் நாங்களும் மட்டக்களப்பாரே.

அந்நாட் கைத்திறனுக்குச் சான்று வேண்டின் லெவ்கே திசாவையின் பீரங்கியைச் சொல்லலாம். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி அது. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துச்செல்லப்பட்டு, ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பெரிய அரும்பொருட்சாலையிலே நெடுங்காலம் இருந்தது. 2023ஆம் ஆண்டில் வேறு ஐந்து பொருள்களோடு இலங்கைக்குத் திருப்பித் தரப்பட்டது. அவற்றுள் துவக்குகளும் உண்டு. பொருள்கள் திரும்பி வந்துவிட்டன. அவற்றைச் செய்த அரமும் உளியும் எந்த அரும்பொருட்சாலைக்கும் போகவில்லை. தேய்ந்து துருவாகி மண்ணோடு போயின. கருவிக்கு மதிப்புக் கொடுத்துக் குறித்து வைத்தவர் மிகச் சிலர். அவருள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. 1908இல் அவர் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அரண்மனையோடு நில்லாமல் பட்டறைக்குள்ளும் நுழைந்து பார்த்தது.

அவருக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வேறொருவர் பார்த்தார். அவர் விரும்பி வந்தவர் அல்லர், சிறைப்பட்டு வந்தவர். 1660இல் கொட்டியாரத்தில் அகப்பட்டு, 1679இல் தப்பியோடி, 1681இல் தம் நூலை வெளியிட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டிநாட்டுக் கொல்லனைப் பற்றி எழுதியிருப்பது படிக்கப் படிக்கச் சுவை தருவது. கொல்லன் தன் முக்காலியில் மிடுக்கோடு அமர்ந்திருப்பானாம். வேலை கொண்டுவந்தவர்களே துருத்தி ஊதவேண்டும். பெரிய சம்மட்டியையும் அவர்களே ஓங்கி அடிக்கவேண்டும். அவன் குறட்டாற் பிடித்துக்கொண்டு, இடையிடையே சிறு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவான். அராவவேண்டிய பொருளாயின் முதலிற் கல்லிலே தேய்த்து வருமாறு அவர்களையே அனுப்புவான். அவர்கள் இயன்றமட்டும் தேய்த்து வந்த பின்னரே தன் அரத்தை எடுத்து முடிவு வேலையைச் செய்வானாம்.

நொக்ஸ் இதை ஒருவாறு கேலியாகவே எழுதினார் என்பது என் எண்ணம். கொல்லனின் செருக்கு அவருக்கு விளங்கியது. செருக்கின் காரணம் விளங்கவில்லை. அரம் எளிதிற் கிடைக்கும் பொருள் அன்று. இயந்திரத்தால் அரம் வெட்டாத காலத்தில், ஒவ்வொரு பல்லையும் உளிவைத்து ஒவ்வோர் அடியாகக் கையால் வெட்டவேண்டும். வெட்டி முடிந்தபின் காய்ச்சித் தோய்ச்சல் கொடுக்கவேண்டும். தோய்ச்சலிற் சற்றே பிழைத்தால் அத்தனை பல்லும் வீண். அத்தகைய கருவியைக் கல்லால் ஆகும் வேலைக்குத் தேய்ப்பவன் மூடன். பெருவேலைக்குப் பெருங்கருவி, நுண்வேலைக்கு நுண்கருவி என்று பகுத்து அறிந்திருந்த கொல்லனையே நொக்ஸ் முக்காலியிற் கண்டார்.

அரத்தை நம் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். திருவள்ளுவர் மூன்று அதிகாரங்களில் அரத்தை ஆள்கின்றார். வெருவந்தசெய்யாமையில், கடுஞ்சொல்லும் அளவிறந்த தண்டனையும் அரசன் வலிமையைத் தேய்க்கும் அரம் என்கின்றார். உட்பகையில், அரத்தால் அராவப்பட்ட பொன்னைப்போலக் குடி தேயும் என்கின்றார். பண்புடைமையிலோ அரம் அறிவின் கூர்மைக்கு உவமையாகிறது. முதலிரண்டும் எளிதில் விளங்கும். தேய்ப்பது அரத்தின் தொழில். மூன்றாவதுதான் மாணவர்களை மயக்கும். கூர்மைக்கு வாள் இருக்கிறது, வேல் இருக்கிறது. அரத்தை ஏன் சொன்னார் என்று கேட்பர். நான் அவர்களுக்கு ஒரு புதிய அரத்தைக் கையிற் கொடுத்து விரலால் மெல்லத் தடவச் சொல்வது வழக்கம். முன்னோக்கித் தடவினால் ஒரு விதம், பின்னோக்கித் தடவினால் வேறு விதம். ஒரு வாளுக்கு ஒரு வாய். அரத்துக்கோ நூற்றுக்கணக்கான சிறு வாய்கள். அன்றியும் வாளைக் கூராக்குவதும் அரந்தானே. பிறகு உரை சொல்ல வேண்டியதே இல்லை.

அந்தப் பற்கள் எல்லாம் ஒரு திசை நோக்கியே சாய்ந்திருப்பதால் அரம் தள்ளும்போதுதான் வெட்டும், இழுக்கும்போது வெட்டாது. இதை அறியாமல் முன்னும் பின்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள் சில நாளிலேயே பல்லை மழுக்கிவிடுவர். இழுக்கும்போது சற்றே தூக்கிக்கொள்ளுதல் வேண்டும். ஒற்றை வரி வெட்டிய அரம் மெருகான முகத்தைத் தரும். குறுக்குமறுக்காக இரட்டை வரி வெட்டியது விரைவாக உண்ணும். இரண்டையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்துவது அரிவாளால் நகம் வெட்டுவதை ஒக்கும். வடிவத்திலும் தட்டை அரம், அரைவட்ட அரம், முப்பட்டை அரம், எலிவால் அரம் எனப் பல உள. வீட்டுக்கு வாங்குவோர் முதலில் நடுத்தரமான தட்டை அரமொன்றும் சிறிய அரைவட்ட அரமொன்றும் வாங்கினாற் போதும். அறுவாளைத் தீட்டும் பழக்கம் உடையோர்க்கு முப்பட்டையும் வேண்டும். பத்து அரங்கள் ஒரு பையில் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று கேட்பர். பத்தும் ஒரு மாதத்தில் மழுங்கும். நல்லது ஒன்று பத்தாண்டு உழைக்கும்.

புது அரத்தை வாங்கியவுடன் வன்மையான எஃகிலே வைத்துத் தேய்க்கலாகாது. முதலிற் பித்தளையிற் பழக்கி, அதன் பின்னரே இரும்புக்குக் கொண்டுவருவர் பழைய வினைஞர். பல்லிடையில் அரப்பொடி அடையாமல் இருக்கச் சுண்ணக்கட்டியைத் தடவிக்கொள்வர். கரும்பலகைச் சுண்ணக்கட்டிக்கு இப்படியொரு பயன் உண்டென்று என் உடனாசிரியர்களுட் சிலர் அறிந்திலர். பிடியில்லாத அரத்தை ஒருபோதும் கையில் எடுக்கலாகாது. அதன் கூரிய வால் உள்ளங்கையில் ஏறிவிடும். இதனினும் முக்கியமானது, அரங்களை ஒன்றோடொன்று உராயும்படி ஒரே பெட்டியிற் கொட்டி வைக்கலாகாது என்பது. அரத்தின் பல்லை மழுக்க வல்லது மற்றோர் அரமே. உட்பகை அதிகாரத்தில் அரம் இடம்பெற்றமை எவ்வளவு பொருத்தம் என்று எண்ணிக்கொள்வேன்.

இனித் திருப்புளிக்கு வருவோம். திருப்புளி என்றதும் என் மாணவர்க்குப் புளியம்பழம் நினைவுக்கு வருகிறது; 'திருப்' பிள்ளையும் 'புளி'யும் எங்கே சேர்ந்தன என்று கேட்பாரும் உளர். இது திருப்பு + உளி. திருப்பு என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம், உளி என்பதன் முதல் உயிர் வரக் கெட்டது. சீவு + உளி சீவுளியானதும் இவ்வாறே. அங்கே நிற்பது முற்றியலுகரம். ஒரோவழி முற்றியலுகரமும் அவ்வாறு கெடும் என்பதை நன்னூலார் உடன்படுவர். இழைப்புளியும் இந்தக் குடும்பமே. உளியையே தலைமைக் கருவியாகக் கொண்டு, திருப்பும் உளி, சீவும் உளி, இழைக்கும் உளி என்று தொழிலை அடையாக்கிப் பெயர் படைத்த அந்தப் பெயரறியாத் தச்சன் எந்தக் கலைச்சொற் குழுவிலும் அமர்ந்தவன் அல்லன்.

பெயர் உளியாயினும் முனை உளிபோல் இருத்தல் ஆகாது. இதுதான் பலர் அறியாதது. கடைகளில் மலிவாக விற்கும் திருப்புளியின் முனை ஆப்புப்போலச் சரிந்து கூராகி வரும். திருகாணியின் தலையிலுள்ள பிளவோ நேர்ச்சுவர் உடையது. ஆப்பு வடிவமான முனை அந்தப் பிளவின் மேல்விளிம்பில் மட்டுமே பற்றும், அடியிற் பற்றாது. வலிந்து திருகும்போது முனை மேலே ஏறி வழுக்கும், விளிம்பைக் கிழிக்கும். தேர்ந்த துவக்குத் திருத்துநரும் மணிக்கூட்டு வினைஞரும் இதனாலேயே முனையின் இரு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்குமாறு சாணையில் உட்குழிவாகத் தீட்டிய திருப்புளியைக் கையாள்வர். முனையின் தடிப்புப் பிளவை நிரப்பவேண்டும். அகலம் திருகாணித் தலையின் அகலத்துக்கு ஒத்திருக்கவேண்டும். குறுகினால் பிளவு சிதையும். அகன்றால் பக்கத்து உலோகத்தைக் கீறும். ஆகவே ஒரே திருப்புளி எல்லாத் திருகாணிக்கும் ஆகாது. ஒரு பழந்துவக்கையோ பழைய தையல் இயந்திரத்தையோ விலைக்கு வாங்க வருபவன் முதலிற் பார்ப்பது திருகாணித் தலைகளைத்தான். அவை சிதைந்திருந்தால் அறியாதவன் கை பட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

பழங்காலத்தில் இது இன்னும் நுட்பமான செய்தி. அக்காலத் திருகாணி ஒவ்வொன்றும் கையால் அராவி எடுத்தது. ஒன்றின் புரி மற்றதன் துளையிற் சேராது. துவக்கைக் கழற்றும்போது எந்த ஆணி எந்தத் துளைக்கு உரியது என்று குறித்துக்கொள்ளாதவன் மீண்டும் பூட்டமாட்டான். வடக்கே முங்கேரில், மீர் காசிம் 1760களிற் படைக்கலச் சாலை அமைத்த காலத்தும் இதுவே நிலை. பேர்மிங்காம் நகரின் துவக்குக் குடியிருப்பிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில், குழலொருவன் செய்ய, பொறியொருவன் செய்ய, கட்டையொருவன் செய்ய, சிறுவர்கள் அவற்றை வீட்டுக்கு வீடு சுமந்து செல்ல, இறுதியில் ஒருவன் அராவி அராவிப் பொருத்தினான். பொருத்துதல் என்றால் அராவுதல் என்றே பொருள்.

அந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் பிரான்சு நாட்டு ஒனோரே பிளாங்க் ஒருவர். 1785இல் அவர் ஐம்பது துவக்குப் பொறிகளின் உறுப்புகளைக் கழற்றி வகைவகையாக வைத்திருந்தார். அமெரிக்கத் தூதராக அங்கிருந்த தோமஸ் ஜெபர்சன் கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் தாமே சிலவற்றைப் பூட்டிப் பார்க்க, அவை பிழையின்றிப் பொருந்தின. அரம் எடுக்காமலே ஒரு துவக்குப்பொறி பூட்டப்பட்டதைக் கண்டு ஜெபர்சன் வியந்து தம் நாட்டுக்கு எழுதினார். பின்னர் 1841இல் ஜோசப் விற்வேத் என்னும் ஆங்கிலேயர் திருகாணிப் புரிக்கு ஐம்பத்தைந்து பாகைக் கோணம் வகுத்து, எல்லார்க்கும் பொதுவான அளவை முன்மொழிந்தார். அறுகோணத் துளையுடைய துவக்கொன்றை ஆக்கியவரும் இவரே. அவர் அளவில் அமைந்த அங்குல ஆணிகள் எங்கள் ஊர்ப் பழைய இயந்திரங்களில் இன்றும் காணப்படும். அவற்றின் சுரைமேல் மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டு, "சற்றுத் தளர்வுதான், பரவாயில்லை" என்று திருகுவோரைக் காணும்போது எனக்கு வெண்பாவில் தளை தட்டியதுபோல் இருக்கிறது. மூலை உருண்ட சுரையைக் கழற்ற உளியும் சுத்தியலும் வேண்டிவரும். அதன்பின் அது சுரையன்று.

சுத்தியலைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இரும்பின்மேல் இரும்பு, மரத்தின்மேலும் மெருகிட்ட உலோகத்தின்மேலும் மரக் கொட்டாப்புளி அல்லது பித்தளைச் சுத்தியல். ஆணியைத் தட்டி வெளியேற்றும்போது சுத்தியலை நேரே பயன்படுத்தாது பித்தளைக் குச்சியை இடையில் வைப்பது துவக்குக் கொல்லர் முறை. மென்மையானது தன் உருவை இழந்து மற்றதைக் காக்கும். பற்றிப் பிடிக்கும் வைஸின் தாடைக்கும் தோலோ செப்புத்தகடோ வைத்துக்கொள்வர்.

ஆனால் பிடியைப் பற்றிச் சிறிது சொல்லியாகவேண்டும். சாய்ந்தமருதுப் பக்கத்தில் எனக்கு உறவினரான தச்சர் ஒருவர் இருந்தார்; காக்கா என்றே அழைப்பேன். 2004 திசம்பர் 26ஆம் நாட் காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது அவர் உயிர் தப்பினார், பட்டறை தப்பவில்லை. நாற்பதாண்டு கையாண்ட உளிகளும் சீவுளிகளும் துறப்பணமும் போயின. சில மாதங்களுக்குப் பின் நிவாரணமாக ஒரு கருவிப்பெட்டி கிடைத்தது. சிவப்பு நிறப் பெட்டி. உள்ளே எல்லாம் பளபளத்தன. நான் மகிழ்ந்து, "நல்ல சாமான் கிடைச்சிருக்கு காக்கா" என்றேன். அவர் ஓர் உளியை எடுத்து வேப்பங்கட்டையில் நான்கு தட்டுத் தட்டி, வாயை எனக்குக் காட்டினார். மடங்கியிருந்தது. "தம்பி, இது இரும்புக்கு நிறம் பூசினது. அதோட, இந்தப் பிடிக்கு என்ட கையத் தெரியா" என்றார்.

அதைத் தந்தவர்களை நான் குறைகூற வரவில்லை, நல்லெண்ணத்தோடு தந்தார்கள். எண்ணிக்கை பார்த்து வாங்கினார்கள், தோய்ச்சல் பார்த்து வாங்கவில்லை. காக்கா அந்தப் பெட்டியை மகனுக்குக் கொடுத்துவிட்டு, அயற்கிராமத்துக் கொல்லரிடம் பழைய வாகன வில்தகட்டு எஃகைக் கொண்டுபோய் மூன்று உளி அடித்துவந்தார். பிடியைத் தாமே கடைந்து, கையில் வைத்துப் பார்த்து, சீவி, மீண்டும் பார்த்து, ஐந்தாறு நாள் அதற்கே செலவிட்டார். நல்ல கருவி எதுவென்று வாசகர் கேட்பின், காக்கா செய்த சோதனையைத்தான் நான் சொல்வேன். வாயை வன்மரத்தில் வைத்துத் தட்டிப் பார்க்க. பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்க்க. நிறத்தைப் பார்க்கவேண்டாம்.

அந்தக் கொல்லரை நானும் பின்னர் பலமுறை சென்று கண்டேன். துவக்குப் பூட்டும் வேலை தமக்கு முந்தியவர்களோடு போயிற்று என்றார். கத்தி, மண்வெட்டி, அறுவாள்தான் இப்போது. அவருடைய பட்டறையைக் கம்மாலை என்பார். சிங்களத்தில் கம்மல என்பதும் கொல்லன் பட்டறையே. இரு சொல்லும் உடன்பிறந்தார் போல ஒலிக்கக் காண்கிறோம். நான் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகச் சுட்டிப் பெயர் கேட்டேன். "ஏன் பண்டிதர் ஐயா, இதெல்லாம் உங்கட புத்தகத்துல இல்லையா?" என்று அவர் வியந்தார். "இருக்கு ஆசாரியார். ஆனால் வேறு பேரில இருக்கு" என்றேன்.

அதுதான் என் மனக்குறை. சுதந்திரத்துக்குப் பின் தாய்மொழியில் விஞ்ஞானமும் தொழினுட்பமும் கற்பிக்க முற்பட்டபோது, அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அது அரும்பணி, அதை இகழ்வோன் நன்றியறியாதவன். எங்கள் காரைதீவு ஈன்ற விபுலானந்த அடிகளும் சென்னையில் 1930களிலே கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றார். யாழைச் சொல்லளவில் ஆராய்வதோடு அமையாமல் அதன் நரம்பையும் உறுப்பையும் அளவையும் ஆராய்ந்தவர் அவர். ஆயினும் பின்வந்த நாம் அவ்வழியிற் போகவில்லை. ஆங்கில அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு நேர்ச்சொல் புனைந்தோம். பத்துக் கல் தொலைவிலுள்ள கம்மாலைக்குச் செல்லவில்லை. விளைவு, மாணவன் பரீட்சைக்கு ஒரு சொல் எழுதுகிறான், கடையில் ஆங்கிலச் சொல் சொல்கிறான், கொல்லர் வழங்கும் சொல்லை அறியவே மாட்டான். மூன்றாவது சொல் கொல்லரோடு போய்விடும். சொல் போனால் போகட்டும் என்பார்க்கு ஒன்று சொல்வேன். தோய்ச்சல் என்ற சொல்லை அறியாதவன், உளி வாங்கும்போது தோய்ச்சலைப் பற்றிக் கேட்கமாட்டான். நிறத்தைத்தான் கேட்பான்.

கடற்கரையில் வாழ்வோர்க்குக் கருவிகாத்தல் தனித் தொல்லை. உப்புக் காற்று ஓர் இரவில் துருவேற்றும். ஔவையார் தொண்டைமானுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவன் படைக்கலங்கள் மாலை சூட்டி நெய்பூசிக் காக்கப்பட்டிருந்தமை வருகிறது. அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலிற் கிடந்தனவாம். புகழ்வதுபோல் இகழ்ந்தது அந்தப் பாட்டு என்று நயம் சொல்வோம். சொல்லும்போதே நெய் பூசிய செய்தியை விட்டுவிடுகிறோம். இரும்புக்கு நெய் பூசிக் காத்தல் அன்றே உள்ள வழக்கம். எங்கள் வீடுகளில் தேங்காயெண்ணெய் பூசுகின்றனர். அது நாட்படப் பிசுபிசுத்துத் தூசியைப் பற்றிக்கொள்ளும். தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய துணியால் தடவுதலே தக்கது. அரத்தின் முகத்துக்கு மட்டும் எண்ணெய் ஆகாது. எண்ணெய்ப் பட்ட அரம் வழுக்கும். அதைக் கம்பித் தூரிகையாற் சுத்தம்செய்து உலர்ந்த துணியிற் சுற்றி வைத்தல் போதும்.

எங்கள் கல்லூரியில் பழைய அலுமாரி ஒன்று ஓலைச்சுவடிப் பிரதிகளுக்கென்று இருந்தது. சுவடிகள் வேறிடம் போனபின் அதைக் கருவிகளுக்கு ஒதுக்கினோம். பண்டித வகுப்புக்குக் கருவி எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தனர். தட்டை அரம் இரண்டு, அரைவட்டம் ஒன்று, முப்பட்டை ஒன்று, வெவ்வேறு அகலத்தில் இணைமுகத் திருப்புளி நான்கு, ஒரு கொட்டாப்புளி, கொல்லர் அடித்துத் தந்த உளிகள் மூன்று என்று வாங்கி, ஒவ்வொன்றின் உருவத்தையும் பலகையில் வரைந்து, கீழே பெயரை எழுதித் தொங்கவிட்டோம். பெயரெழுதிய மாணவி நிந்தவூரைச் சேர்ந்தவள். அவள் வாப்பா வள்ளம் கட்டுபவர். எழுதி முடித்துவிட்டு, "சேர், எங்கட வாப்பா வள்ளத்துப் பலகைப் பொருத்துக்குள்ள பஞ்சை அடிச்சு இறுக்க ஒரு மழுங்கின உளி வைச்சிருக்கிறார். அதுக்கு இங்க இடமில்லையே?" என்றாள். மறுநாள் பலகையின் ஓரத்தில் ஓர் ஆணி அடித்து இடம் விட்டோம்.